படியேற மறுக்கும் கருப்பன்



மூன்று மாதத்திற்கு முன், கணக்குப் பாடத்தின் நடுவே நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான். "டீச்சர், நாய்க்கு முட்டி வலிக்குமா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டுக் கருப்பனை எனக்குத் தெரியும். விடியற்காலையில் பால்வெட்டப் போகும் அவன் அம்மாவுக்குத் துணையாகப் பத்து வருடம் நிரை நிரையாக ஓடிய நாய். அது இப்போது வாசலின் மூன்று படிகளை ஏற முடியாமல் கீழேயே படுத்துவிடுகிறதாம். "வயசாச்சு, அவ்வளவுதான்" என்றாராம் அப்பா. பாவம் பார்த்து, அன்றிரவு சோற்றில் பாதி பனடோலைப் பிசைந்து வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலையே அவர்கள் லயத்திற்குப் போனேன். வாசகர்களே, நாம் விழுங்கும் வலி மாத்திரையை நாய்க்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். பனடோல் அதன் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரோபன் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். பூனைக்கோ ஒரே ஒரு பனடோல் மாத்திரை உயிருக்கே உலை வைத்துவிடும்.

நாய்க்கும் முட்டி வலிக்கும். நம் பாட்டிமாருக்கு வருகிற அதே மூட்டுத் தேய்மானம்தான். எலும்பும் எலும்பும் உரசாமல் காக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோகிறது. நாய் அதற்காக அழுவதில்லை. காலையில் விறைப்பாக எழும், நாலடி நடந்தபின் சற்று இளகும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இடுப்பைத் தொட்டால் சீறவும் செய்யும். அதைக் கெட்ட நாய் என்று விரட்டுகிறவர்களும் உண்டு.

மருந்துக்கு முன்னால் சோற்றுத் தட்டைப் பாருங்கள். அன்று கருப்பனின் தட்டில் இருந்தது ஒரு குன்று சோறு, மேலே வெங்காயமும் பூண்டும் மிதக்கும் பழைய குழம்பு. குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் வீட்டு நாய்க்கு நானே தினமும் தேநீரில் பிஸ்கட் நனைத்துக் கொடுத்து உருட்டி வைத்திருந்தவள்தான். நொந்த மூட்டுக்குக் கூடுதல் எடை பெரிய பாரம். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் சாகும்வரை கவனித்தார்கள். பாதிக்குக் கால் பங்கு உணவு குறைவு. 2002இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குப் பிந்தித்தான்.

உங்கள் நாயின் விலாவை லேசாகத் தடவுங்கள். எலும்புகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் சோற்றில் பாதியைக் குறைத்து, அவித்த பூசணியும் பயற்றங்காயும் சேருங்கள். முட்டை, முள் நீக்கிய மீன், எலும்பில்லாத கோழி கொஞ்சம் வையுங்கள். குழம்பு வேண்டாம்; வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். திடீரென்று பட்டினி போடாமல், வாரா வாரம் சிறிது சிறிதாக எடை இறங்கட்டும். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள். கழித்தல் கணக்கைப் பையனிடமே விடுங்கள்!

சத்து மாத்திரைகளில் எனக்கு ஓரளவு நம்பிக்கை மீன் எண்ணெயில்தான். அதிலுள்ள ஒமேகா-3 மூட்டின் வீக்கத்தைத் தணிக்கும். பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். நாயின் எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், மிஞ்சினால் வயிறு இளகும். மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதை அள்ளி ஊற்றினால் வைட்டமின் ஏ மிகுந்து கெடுதலாகும். குளுகோசமைன் பற்றிய ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கையில் காசு குறைவென்றால் அதை விட்டுவிடுங்கள். மஞ்சள்? கேட்பீர்கள் என்று தெரியும். நாயின் மூட்டுக்கு உறுதியான சான்று இல்லை.

சிமெண்டுத் தரையில் இரண்டு கோணிச் சாக்கை மடித்துப் போடுங்கள். தினமும் மெதுவாகக் கொஞ்சம் நடத்துங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓடவிட வேண்டாம். நொண்டலுக்கு முள்ளோ, உண்ணி பரப்பும் காய்ச்சலோகூடக் காரணமாக இருக்கலாம். ஆகவே ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாய்க்கென்றே உள்ள வலி மருந்து அவரிடம் உண்டு.

அன்று 24 கிலோ இருந்த கருப்பன் இன்று 21. நேற்றுப் பையன் சொன்னான், இரண்டு படி ஏறுகிறதாம். மூன்றாவதில் அம்மா தூக்கிவிடுகிறாராம்.