முழக்கத்துக்கும் ஒரு செவி வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

திருமண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக் குழு செல்வதைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. முன்னால் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் செல்லும். அவற்றின் பின்னால் ஒருவர், இடுப்பருகே ஒரு டிரம்மைத் தொங்கவிட்டு, இரு குச்சிகளால் 'டர்ர்ர்' என்று உருட்டியபடி நடப்பார். அவர் முகத்தை எவரும் நினைவில் வைப்பதில்லை. அப்படி நடந்தவர்களில் ஒருவர் என் தந்தை. அந்தக் குச்சிகள் ஈட்டித் தந்த காசில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரிப் படி ஏறினான். இன்று இக்கட்டுரையை எழுதுகிறான்.

என் தந்தை 'சைடு டிரம்' என்று சொல்லும் கருவியின் உடன்பிறப்புத்தான் மெல்லிசை மேடையில் உள்ள 'ஸ்நேர் டிரம்'. பெரும்பாலும் 14 அங்குல விட்டமுடையது. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல். கீழ்த்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் கட்டப்பட்டிருக்கும். மேல்தோலில் குச்சி பட்டதும் கீழ்த்தோல் அதிர்ந்து கம்பிகளை உலுக்குகிறது. அந்த 'சர்ர்' என்னும் ஓசைதான் இக்கருவியின் உயிர்.

நம் கல்லூரி இசைக்குழுவுக்கு ஒரு மைக் வாங்க மாணவர்கள் நாம் பணம் திரட்டியிருக்கிறோம். ஒன்றுதான் வாங்க இயலும். பாடுபவருக்கு இன்னொரு மைக் வேண்டும் என்றனர் பலர். டிரம்முக்கு வேண்டும் என்றேன் நான். "அடித்தால் ஊருக்கே கேட்குமே, அதற்கு எதற்கடா மைக்?" என்று நண்பர்கள் நகைத்தனர். அந்த நகைப்புக்கு என் விடையே இக்கட்டுரை.

கேட்பது வேறு, விளங்கக் கேட்பது வேறு

டிரம் உரத்த கருவி என்பதை நான் மறுக்கவில்லை. அருகில் வைத்து அளந்தால் ஓங்கிய அடி 120 டெசிபெலையும் தாண்டும். ஆனால் திறந்த மைதானத்தில், பாடகர் குரலும் கீபோர்டும் பெரிய ஸ்பீக்கர்களின் வழியே முழங்கும்போது, கடைசி வரிசைக்கு டிரம்மிலிருந்து எது போய்ச் சேருகிறது? வெறும் 'தப், தப்' மட்டுமே. கம்பிகளின் சரசரப்பும், குச்சி நுனியின் மெல்லிய உருட்டலும் வழியிலேயே அமிழ்ந்துவிடுகின்றன. வாசித்தவரின் உழைப்பில் சத்தம் மட்டும் நமக்கு வருகிறது, கலை வருவதில்லை.

சென்ற ஆண்டு விழாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வாடகைக்கு வந்த ஒலிபெருக்கிக்காரர், பாடகர் மைக் ஒன்றை நீண்ட ஸ்டாண்டில் மாட்டி டிரம் செட்டுக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தினார். கேட்டதெல்லாம் சிம்பலின் இரைச்சல்தான். இரண்டாவது பாட்டில் ஸ்டாண்டை நெருக்கி வைத்தார். நாலாவது பாட்டில் குச்சி பட்டு ஸ்டாண்டே சாய்ந்தது. அவர்மீது குறையில்லை. அந்த இடத்துக்கு உரிய கருவி அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

விலைப் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது; இடத்திலிருந்து தொடங்க வேண்டும். மைக், டிரம்மின் விளிம்புக்கு மேலே இரண்டு மூன்று விரற்கிடை உயரத்தில், தோலின் நடுவை நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும். அங்கே ஒரு பக்கம் ஹை-ஹாட் தட்டுகள், மறுபக்கம் மற்றொரு டிரம், மேலே பாய்ந்து வரும் குச்சிகள். இந்த நெருக்கடியில் நீண்ட மைக்கும் ஸ்டாண்டும் புகுவது அரிது. சிறிய மைக் என்பது அழகுக்காக அல்ல; அடிப்பவரின் கைக்கு வழிவிடுவதற்காக.

உலகெங்கும் இப்பணிக்குப் பெயர் பெற்றது 1965இல் வந்த ஷூர் எஸ்எம்57. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் உரைமேடையில் நெடுங்காலமாக இடம்பெற்றதும் அதே மைக்தான். நாட்டின் தலைவர் பேச்சைக் கேட்கும் செவியே டிரம்மையும் கேட்கிறது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி! ஆயினும் அதன் நீளம் 157 மில்லிமீட்டர், எடை 284 கிராம், ஸ்டாண்டும் வேண்டும். சென்ஹைசர் இ604 போன்ற சிறிய மைக்கோ 60 கிராம்தான். டிரம்மின் விளிம்பிலேயே கிளிப்பால் கவ்விக்கொள்ளும். சாய்வதற்கு ஸ்டாண்டே இல்லை.

அடுத்தது, உள்ளே இருப்பது. இவ்விரண்டும் டைனமிக் வகை. ஒலி பட்டு மெல்லிய தகடு அசைய, அதனோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலை நாம் ஆய்வகத்தில் கால்வனாமீட்டர் முள்ளில் பார்த்தோமே, அதேதான்! இவ்வகை பலத்த அடியையும் தாங்கும்; வெளியிலிருந்து மின்சாரம் கேட்பதில்லை. கண்டென்சர் மைக் நுண்ணொலியை இன்னும் துல்லியமாகப் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் வேண்டும். நம் கல்லூரியின் பழைய ஆம்ப்ளிஃபயரில் அவ்வசதி இல்லை.

மூன்றாவதாக, மைக் எதைக் கேட்கக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். கார்டியாய்டு எனப்படும் இதய வடிவ ஏற்புடைய மைக், தன் நேர் பின்புறத்தில் எழும் ஒலியை மிகக் குறைவாகவே ஏற்கும். அந்தப் பின்புறத்தை ஹை-ஹாட்டின் பக்கம் திருப்பி வைத்தால் அதன் இரைச்சல் பெரிதும் அடங்கும்.

கிளிப் மைக்கில் குறையே இல்லையா? உண்டு. விளிம்பின் அதிர்வு கிளிப் வழியே மைக்குக்குள் ஏறக்கூடும். ஆகவே இடையில் ரப்பர் தாங்கி நன்றாக அமைந்ததா என்று பார்த்தே வாங்க வேண்டும். மேலே ஒன்று, கம்பிகளுக்காகக் கீழே ஒன்று என இரண்டு மைக் வேண்டும் என்பாரும் உண்டு. அடி விழும்போது மேல்தோல் மேல் மைக்கைவிட்டு விலகுகிறது. கீழ்த்தோல் கீழ் மைக்கை நோக்கி வருகிறது. இரண்டின் மின்னலைகளும் எதிரெதிராகி ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றின் முனைகளை மாற்றினால்தான் சேரும். நமக்கு இப்போதைக்கு ஒன்றை ஒழுங்காக வைத்தாலே போதும்.

மைக் யாருக்கு?

நண்பர்களே, ஒரு மேடையில் யார் முன்னால் மைக் வைக்கிறோமோ அவரைத்தான் கேட்கத் தக்கவர் என்று ஒப்புக்கொள்கிறோம். பாடகர் முன் இப்போதே இரண்டு இருக்கின்றன. பின்வரிசையில் வியர்வை சிந்துபவர் முன் ஒன்றுமில்லை. இது ஒலியியல் சிக்கல் மட்டுமன்று. நாளை தவிலும் பறையும் நம் மேடைக்கு வரும்போது இதே மைக்கை ஸ்டாண்டில் பொருத்தி அவர்களுக்கும் வைக்கலாம். 'அதெல்லாம் தானாகக் கேட்கும்' என்று அவர்களையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இந்த வழக்கை வீட்டில் சொன்னபோது என் தந்தை சிரித்தார். "எங்க உருட்டல் அந்தக் கடைசிவரைக்கும் போயி எப்படிக் கேக்கும்னு நான் ஒருநாளும் கேட்டதில்லையேப்பா" என்றார். உண்மைதான். அடிப்பவர் எப்போதும் டிரம்முக்கு அருகில்தானே நிற்கிறார்! இவ்வாண்டு விழாவுக்கு அவரை அழைத்திருக்கிறேன். கடைசி வரிசையில் உட்காரவைக்கப் போகிறேன். அந்தச் சிறிய மைக்கை வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது.