கிப்சன் கம்பெனியை ஒரு வருஷம் என் கையில குடுத்தா...

போன மாசம் என் கிடாரோட தலை உடைஞ்சு போச்சு. கழுத்துக்கு மேல, கம்பியை முறுக்குற சாவிங்க எல்லாம் வரிசையா இருக்குமே, அந்தத் தலை. ஸ்டாண்டுல சாத்தி வச்சிருந்தேன். லீவுக்கு வந்த அக்கா பையன் பந்தைத் துரத்திக்கிட்டு ஓடி வந்தான். விழுந்தது என்னவோ முழங்கால் உயரத்துலேர்ந்துதான். "மாமா, லேசாத்தான் பட்டுச்சு"ன்னான். அவன் சொன்னது நிஜம். லேசாப் பட்டாலே போதும், அதுதான் பிரச்சனையே.

லெஸ் பால் வடிவத்துல வந்த ஒரு நகல் அது. எந்த பிராண்டுங்கிறது இங்க வேணாம். ஸ்டாண்டை நடை பாதையில வச்ச அறிவாளி நான்தான். ரெண்டு துண்டையும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு, வழக்கமா ரிப்பேர் பண்ற மாஸ்டர்கிட்ட போனேன். துணியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே "லெஸ் பாலா சார்? தலையா?"ன்னார். எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டேன். "இந்த வடிவத்துக்கு வேற எங்க சார் உடையும்?"

சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? அவர் பசை தடவி இறுக்குற வரைக்கும் அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். ஒரிஜினல் கம்பெனியான கிப்சன் எங்கெங்க தப்பு பண்ணிச்சு, நான் முதலாளியா இருந்தா என்னென்ன மாத்துவேன், எதையெல்லாம் தொடவே மாட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு மாஸ்டர் ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "நீங்க நடத்துனீங்கன்னா ஆறு மாசத்துல மூடிருவீங்க சார்."

வீட்டுக்கு வந்தும் அது குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அவர் சொன்னது சரிதானான்னு உக்காந்து யோசிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு. கிடார் பிடிக்காதவங்களும் படிக்கலாம். உங்களுக்குப் பிடிச்ச பைக், பேனா, கேமரா எதை வேணா அந்த இடத்துல போட்டுக்கோங்க, கதை மாறாது.

முதல்ல ரசிகர் பக்க நியாயத்தைச் சொல்லிடறேன், நானும் அந்தக் கட்சிதானே.

கிப்சன் 1902-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துல கலாமசூங்கிற ஊர்ல கம்பெனியா ஆரம்பிச்சது. அப்ப மாண்டலின்தான் பெரிய வியாபாரம். லெஸ் பால் மாடல் வந்தது 1952-இல். 1986-இல் மூணு பேர் சேர்ந்து வெறும் 50 லட்சம் டாலருக்கு கம்பெனியை வாங்கினாங்க. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல ஒண்ணாப் படிச்சவங்க. அதுல தலைமை ஏற்றவர் ஹென்றி ஜஸ்கெவிச். அந்த நேரத்துல கம்பெனி மூடுற நிலைமையில இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தினது அவர்தான், அதை மறுக்கவே முடியாது.

அப்புறம் என்னாச்சு? கிடார் மட்டும் போதாது, வீட்டுல இருக்குற பாட்டுக் கருவி எல்லாமே நம்மளோடதா இருக்கணும்னு ஆசை வந்துடுச்சு. 2014-இல் பிலிப்ஸ் நிறுவனத்தோட ஆடியோ பிரிவை 135 மில்லியன் டாலருக்கு வாங்கினாங்க. கேக்வாக்னு ஒரு நல்ல இசைப்பதிவு மென்பொருள் கம்பெனியை 2013-இல் வாங்கி, 2017-இல் மூடினாங்க. கடைசியில 2018 மே 1-ஆம் தேதி திவால் மனு. வேடிக்கை என்னன்னா அப்பவும் கிடார் வித்துக்கிட்டுதான் இருந்தது. கவுத்தது ஹெட்ஃபோனும் ஸ்பீக்கரும்தான். இட்லிக் கடை நல்லா ஓடுதேன்னு அந்தக் காசுல ஃபிரிட்ஜ் கம்பெனி வாங்கின கதை.

எந்தக் கிடார் ரசிகனைக் கேட்டிருந்தாலும் "வேணாம்ணே"ன்னு சொல்லியிருப்பான். ஒரு கம்பெனி எதுக்காக இருக்குதுன்னு ரசிகனுக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்துல அது எழுதியிருக்காது.

அடுத்தது 2015 மாடல்கள். அந்த வருஷம் அமெரிக்கத் தயாரிப்பு கிடார்கள் பெரும்பாலும் எல்லாத்துலயும் தானாவே சுருதி சேர்க்குற மோட்டார் வச்ச கருவியைப் பொருத்திட்டாங்க. கழுத்தை அகலமாக்கினாங்க. கம்பி உக்கார்ற நட்டைப் பித்தளையில செஞ்சாங்க. தலையில இருந்த எழுத்தையும் மாத்தினாங்க. விலையையும் ஏத்தினாங்க. யாரும் கேட்கலை. ரசிகர்கள் கொதிச்சாங்க, அடுத்த வருஷமே பழைய மாதிரி கிடார்கள் திரும்ப வந்துடுச்சு. இத்தனைக்கும் அந்த மோட்டார் கருவி ஒண்ணும் முட்டாள்தனமான யோசனை இல்லை. மேடையில பாட்டுக்குப் பாட்டு சுருதி மாத்துறவனுக்கு அது வரம். வேணும்ங்கிறவன் வாங்கிக்கட்டும்னு விட்டிருக்கலாம். எல்லார் தலையிலயும் கட்டினதுதான் தப்பு.

இதுவரைக்கும் ரசிகர் கட்சிக்கு முழு வெற்றி. நிற்க.

இப்ப உடைஞ்ச தலைக்கு வர்றேன். அது ஏன் உடையுது? கழுத்து மஹோகனி மரத்துல ஒரே துண்டா அறுத்தது. தலை நேரா இல்லாம 17 டிகிரி பின்னால சாஞ்சிருக்கும். மரத்தோட ரேகை கழுத்து நெடுக ஓடும், ஆனா தலை சாயுற இடத்துல அது குறுக்கே வெட்டுப்பட்டு குட்டையாயிடும். போதாததுக்கு, கழுத்துக்குள்ள போற இரும்புக் கம்பியை முறுக்குறதுக்காக அதே இடத்துல ஒரு குழி தோண்டியிருப்பாங்க. மரம் எங்க பலவீனமோ அங்கயே மரத்தைக் குறைக்குறது. மல்லாக்க விழுந்தா முதல் அடி தலைக்குத்தான்.

தீர்வு ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சாய்வைக் குறைக்கலாம். மூணு துண்டு மரத்தை ஒட்டிக் கழுத்து செய்யலாம். பின்பக்கம் அந்த இடத்துல கொஞ்சம் மரத்தைத் தடிப்பா விடலாம். இதைத்தான் மாஸ்டர்கிட்ட முழக்கினேன், "இத்தனை வருஷமா இவங்களுக்குத் தோணலையா பாருங்க"ன்னு.

தோணிச்சு மக்களே. அதுதான் கொடுமை. 1970-களில், நார்லின்ங்கிற கூட்டு நிறுவனத்துக்குக் கீழ கிப்சன் இருந்தப்ப, இது மூணையுமே செஞ்சாங்க. சாய்வு 14 டிகிரியாத்தான் இருந்தது. மூணு துண்டுக் கழுத்து வந்தது, பின்னால மஹோகனிக்குப் பதிலா இன்னும் உறுதியான மேப்பிள் மரம். பின்பக்கம் ஒரு புடைப்பும் வந்தது. நம்ம ஆளுங்க என்ன பண்ணினோம்? "நார்லின் காலத்துக் குப்பை"ன்னு பேர் வச்சோம். அந்தப் புடைப்பு கையில உறுத்துதுன்னோம். பழைய மாதிரியே வேணும்னோம். 1980-களின் ஆரம்பத்துல புடைப்பை எடுத்துட்டாங்க. கிடாரும் பழையபடி உடைய ஆரம்பிச்சது.

நார்லின் காலத்துல வேற குறைகள் நிறைய இருந்தது. கிடார்கள் கனமாச்சு, வேலைப்பாடு சறுக்கிச்சு. அந்தக் கோபத்துல நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டோம். நானும் பல இடத்துல அதே 'குப்பை' வார்த்தையைச் சொல்லியிருக்கேன், அந்தக் காலத்துக் கிடார் ஒண்ணைக்கூடத் தொட்டுப் பார்க்காமலே. ஹி ஹி.

இன்னும் பின்னால போவோம். 1958-இல் டெட் மெக்கார்ட்டி தலைவரா இருந்தப்ப அம்பு முனை மாதிரி 'ஃப்ளையிங் வி'ன்னு ஒரு கிடாரை இறக்கினாங்க. முதல் ரெண்டு வருஷத்துல கடைக்குப் போனது ஏறக்குறைய நூறுதான். படுதோல்வி. அதே 1958 முதல் 1960 வரை செஞ்ச, சூரிய அஸ்தமன நிறத்துல இருக்குற லெஸ் பால் ரெண்டாயிரம்கூட இல்லை. அதுவும் சரியா ஓடாம, 1961-இல் அந்த வடிவத்தையே நிறுத்திட்டு, ரெண்டு கொம்பு வச்ச மெல்லிசான எஸ்ஜி உடம்புக்கு மாத்திட்டாங்க.

இன்னைக்கு அந்த அஸ்தமன லெஸ் பால் லட்சக்கணக்கான டாலருக்குப் போகுது. யாரால? 1960-களின் நடுவுல எரிக் கிளாப்டன் மாதிரி இங்கிலாந்துப் பசங்க அந்தப் பழைய கிடாரை எடுத்து, ஆம்ப்ளிஃபயரை முழுசா ஏத்தி வாசிச்சாங்க. அப்படி ஒரு சத்தம் அதுக்குள்ள இருக்குதுன்னு கம்பெனிக்கே தெரியாது. கேட்டவங்க எல்லாம் அதையே தேட, 1968-இல் கிப்சன் லெஸ் பாலைத் திரும்பச் செய்ய ஆரம்பிச்சது.

1958-இல் கிப்சன் ரசிகர்கள் கையில கம்பெனி இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாங்க? பெட்டி மாதிரி உள்ளே வெற்றிடம் வச்ச ஜாஸ் கிடாரையே செஞ்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. 1920-இல் குடுத்திருந்தா மாண்டலின்! ரசிகனுக்கு, செஞ்ச பொருளை வச்சு என்ன பண்ணலாம்னு கம்பெனியை விட நல்லாத் தெரியும். அடுத்து எதைச் செய்யணும்னு கேட்டா, போன தடவை அழ வச்சதையே திரும்பக் கேட்பான். மாஸ்டர் சொன்ன ஆறு மாசக் கணக்கு எனக்கு இங்கதான் புரிஞ்சது.

அப்ப யார் கையில குடுக்கலாம்? இதுக்கும் பதில் அந்த ஊர்லயே இருக்கு. 1984-இல் கிப்சன் கலாமசூ ஆலையை மூடிட்டு நாஷ்வில்லுக்கு முழுசாப் போயிடுச்சு. ஊரை விட்டுப் போக மனசில்லாத சில பழைய ஊழியர்கள் அதே கட்டடத்துல, 1985-இல் ஹெரிட்டேஜ்னு சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் போட்டிக் கம்பெனி ஃபெண்டர்லயும் ஒண்ணு நடந்தது. 1965-இல் 13 மில்லியன் டாலர் குடுத்து ஃபெண்டரை வாங்கின சிபிஎஸ், 20 வருஷம் கழிச்சு 12.5 மில்லியனுக்குக் கைகழுவிச்சு. வாங்கினது பில் ஷுல்ட்ஸ் தலைமையில உள்ளே வேலை பார்த்துக்கிட்டு இருந்தவங்க. பழைய ஆலை அந்த விலையில சேரலை. பேரும் கையிருப்புச் சரக்கும்தான் மிச்சம். அதுலேர்ந்து மேல கொண்டு வந்தாங்க. கிடார் மேல பாசம் அவங்களுக்கும் உண்டு. கூடவே எந்த மரம் எப்ப விரியும், எந்த வேலையை அவசரப்படுத்தினா எது சொதப்பும்னும் தெரியும்.

ஆக, திருத்தப்பட்ட என் ஒரு வருஷத் திட்டம் இதுதான்:

1. பழைய மாடல் ஒரு வரிசை, புது முயற்சி ஒரு வரிசை. முதல் வரிசையில யாரும் கை வைக்கக் கூடாது. ரெண்டாவதுல என்ன பைத்தியக்காரத்தனமும் செய்யலாம், ரசிகன் மூச்சு விடக் கூடாது. (2019-லேர்ந்து கிப்சன் ஏறக்குறைய இப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கு. நல்லது.)

2. புது வரிசையில உடையாத கழுத்து கட்டாயம். புடைப்போட. உறுத்தினா உறுத்தட்டும்.

3. விலை குறைஞ்ச கிடார்லதான் அதிக கவனம். நட்டுல கம்பி போற பள்ளத்தைச் சரியா ராவாம விட்டா மூணாவது கம்பி மாட்டிக்கிட்டு சுருதி நிக்காது. புதுசாக் கத்துக்குற பையன் தன் காதுதான் சரியில்லைன்னு நினைச்சு விட்டுட்டுப் போயிடுவான். பத்து நிமிஷ வேலைக்குப் பயந்து ஒரு வாசிப்பாளனை இழக்குறோம்.

4. 2019-இல் மத்த தயாரிப்பாளர்களை மிரட்டுற மாதிரி ஒரு வீடியோ போட்டு, எதிர்ப்பு வந்ததும் எடுத்தாங்களே, அந்த மாதிரி வேலை வேணாம். பேரையும் சின்னத்தையும் காப்பாத்த கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும், அது புரியுது. வாடிக்கையாளனைப் பார்த்து விரலை ஆட்டக் கூடாது.

5. ரசிகர்களுக்கு 'வேணாம்'னு சொல்ற உரிமை உண்டு, ஸ்டீரிங் கிடையாது. இயக்குநர் குழுவுல ஒரு நாற்காலி ரிப்பேர் பண்றவங்களுக்கு. எது எங்க உடையுதுன்னு நாட்டுலயே முதல்ல தெரியுறது அவங்களுக்குத்தான். அவங்ககிட்ட யாரும் கேட்குறதில்லை.

கிடாரை வாங்கப் போனப்ப இதை மாஸ்டர்கிட்ட சொன்னேன். அஞ்சாவது பாயிண்ட்டுல சிரிச்சார். "நான் அங்க போய் உக்காந்தா உடையாமப் பண்ணிருவேன் சார். அப்புறம் என் கடைக்கு யார் வருவா?"ன்னு கேட்டுட்டு, ஒட்டின இடத்தைத் தடவிக் காட்டினார். நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் தெரியுது. இனிமே அந்த இடத்துல உடையாதாம், பசை மரத்தை விட பலமாம். வீட்டுக்கு வந்து வாசிச்சுப் பார்த்தேன். சத்தத்துல ஒரு மாத்தமும் இல்லை. நான் வாசிக்குற லட்சணமும் அப்படியேதான் இருக்கு :-)

உங்களுக்குப் பிடிச்ச கம்பெனியை ஒரு வருஷம் உங்க கையில குடுத்தா, மாத்தக் கூடாதுன்னு எதை வைப்பீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. மாத்த வேண்டிய பட்டியல் வேணாம், அது எல்லார்கிட்டயும் இருக்கு.

டிஸ்கி: ஸ்டாண்டு இப்ப பரண் மேல. கிடார் பெட்டிக்குள்ள. அக்கா பையன் அடுத்த லீவுக்கு வர்றானாம்.