கம்பெனிக்காகக் கோர்ட்டில் நிற்பவருக்கு வக்கீல் பீஸ் யார் கொடுப்பது?

நம்மில் பலர் கூட்டு வியாபாரத்தைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றி வருகிறோம். வரி எவ்வளவு, பங்கு யாருக்கு எவ்வளவு என்று ஆடிட்டரிடம் மணிக்கணக்கில் பேசுகிறோம். வழக்கு வந்தால் செலவு யாருடையது என்பதை மட்டும் பேசுவதில்லை.

வழக்கு வரத்தான் செய்கிறது. கம்பெனி செக் திரும்பினால், செலாவணி முறிச் சட்டம் 141-வது பிரிவுப்படி நிர்வாகப் பொறுப்பில் இருந்த டைரக்டரும் எதிரியாகிறார். 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் 66-வது பிரிவுப்படி கிளைக்கு ஒருவரை நியமித்து எழுதிக் கொடுக்கிறோம். சாம்பிள் தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பெரும்பாலும் அவர் சம்பளம் வாங்கும் மேனேஜர்தான். மூட்டை மில்லிலிருந்து தைத்தபடியே வந்திருக்கும். வாய்தாவுக்கு அலைவது அவர்.

கூட்டு வியாபாரத்தில் இந்தக் குழப்பம் குறைவு. 1932-ம் வருடக் கூட்டாண்மைச் சட்டம் 13-வது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழிலை முறையாக நடத்தியதில் பங்காளிக்கு வந்த பொறுப்பைத் தொழிலே ஏற்க வேண்டும் என்கிறது. வேண்டுமென்றே அசட்டையாக இருந்து நஷ்டம் செய்தவர் தொழிலுக்கு ஈடு கட்ட வேண்டும். நியாயமான ஏற்பாடு.

கம்பெனி விஷயம் வேறு. 1956-ம் வருடச் சட்டத்தின் 201-வது பிரிவு, கடமை தவறிய அதிகாரியைக் காப்பாற்றும் ஷரத்து செல்லாது என்றது. விடுதலையானால் வழக்குச் செலவைக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. கொடுக்கலாம் என்றுதான், கொடுத்தே ஆக வேண்டும் என்றல்ல. இப்போதுள்ள 2013-ம் வருடச் சட்டம், 197-வது பிரிவில், டைரக்டர்களுக்கும் மேல்நிலை அதிகாரிகளுக்கும் கம்பெனி எடுக்கும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் அவர்கள் சம்பளமாகாது என்கிறது. குற்றம் நிரூபணமானால் சம்பளக் கணக்கில் சேரும். பெரிய கம்பெனிகள் பாலிசி எடுத்துக்கொள்கின்றன. நம் மண்டி மேனேஜருக்கு யார் எடுக்கிறார்கள்?

விடுதலையான பிறகு பணம் தருகிறேன் என்பதும் உதவாது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். வக்கீல் அதுவரை காத்திருப்பாரா? அமெரிக்காவில் ஏராளமான கம்பெனிகள் பதிவாகியுள்ள டெலாவேர் மாநிலத்தில், சட்டம் 145-வது பிரிவு இதற்கு வழி செய்திருக்கிறது. தனக்கு உரிமையில்லை என்று முடிவானால் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு, கம்பெனி செலவை முன்பணமாகவே கொடுக்கலாம். நமக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம்.

தெரிந்தே கலப்படம் செய்தவனுக்குக் கம்பெனிப் பணத்தில் ஒரு பைசா கூடாது. முதலாளி சொன்ன முறையான வேலையைச் செய்தவரைத் தனியே விடவும் கூடாது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் 222-வது பிரிவும் ஏஜெண்டு விஷயத்தில் இதையே சொல்கிறது.

நமது சங்கம் நல்ல வக்கீலைக் கொண்டு ஒரு மாதிரித் தீர்மானம் எழுதி இந்த இதழில் வெளியிட வேண்டும். மேனேஜரிடம் நியமனக் கையெழுத்து வாங்கும் அன்றே அதன் நகலையும் அவர் கையில் கொடுத்துவிடலாம்.