லாக்கப்பில் இருப்பவருக்கு யார் காவல்?

1982 மே மாதம் பம்பாய் சென்டிரல் ஜெயிலில் 15 பெண் கைதிகளைப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே பேட்டி கண்டார். போலீஸ் லாக்கப்பில் தங்களைத் தாக்கினார்கள் என்று 5 பேர் கூறினார்கள். அதுபற்றி அவர் எழுதிய கடிதத்தையே சுப்ரீம் கோர்ட்டு மனுவாக எடுத்துக்கொண்டது.

1983-ல் தீர்ப்பு வந்தது. பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் போலீஸ் காவல் என்று பல உத்தரவுகள். முக்கியமானது ஒன்று: செஷன்ஸ் நீதிபதி ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் லாக்கப்புகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதாவது, சாவி போலீசிடம் இருந்தாலும் பொறுப்பு கோர்ட்டுக்கும் உண்டு.

அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. காவலில் உள்ள பெண்ணைப் போலீஸ்காரரோ ஜெயில் ஊழியரோ பலாத்காரம் செய்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை என்று ஆயிற்று. புதிய சட்டத்திலும் இது நீடிக்கிறது.

ஆண் கைதிக்கு? பழைய 377-வது பிரிவு ஒன்றுதான் இருந்தது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் அது இல்லை. பலாத்காரம் என்பது பெண்ணுக்கு இழைக்கப்படும் குற்றம் மட்டுமே. ஆக, ஆணுக்கு நேர்ந்தால் அடிதடி, காயம் என்றுதான் வழக்கு எழுத முடியும்! ஜெயில்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் ஆண்கள் என்பதை டெல்லியில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

2022 கணக்குப்படி 4-ல் 3 பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்கு ஆள் இல்லாத வெளியூர்த் தொழிலாளிகளும் இதில் அடக்கம். காவலை நீட்டிக்கும் நாளில் மாஜிஸ்திரேட் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் புகார் சொல்ல வேண்டும். இப்போது அதுவும் பல இடங்களில் வீடியோவில் நடக்கிறது. பக்கத்தில் வார்டர் நிற்கும்போது எவன் வாய் திறப்பான்?