ஆளுக்கொரு கணினி... ஆசிரியருக்கு என்ன வேலை?

வகுப்பில் ஆளுக்கொரு கணினி கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தானாகப் படித்து முன்னேறிவிடுவார்களா? இரண்டு இடங்களில் நடந்ததைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

முதலாவது, தென் அமெரிக்காவில் இருக்கும் பெரு நாடு. அங்கே குழந்தைகளுக்காக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்ன மடிக்கணினிகளை அரசு வாங்கியது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் 319-ல் ஆய்வு செய்து 2012-ல் முடிவைச் சொன்னார்கள். கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. கையில் கருவி வந்தது. பாடம் நடத்தும் முறை பெரிதாக மாறவில்லை.

இரண்டாவது, அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். 2002-ல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கும் மடிக்கணினி வந்தது. கூடவே ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் எட்டாம் வகுப்பு மாணவர்களின் எழுத்துத் திறன் நன்றாகவே கூடியது. முதல் வரைவு தொடங்கி, திருத்துவது, மாற்றி எழுதுவது என எல்லாக் கட்டத்திலும் கணினியைப் பயன்படுத்தியவர்களே முன்னால் நின்றார்கள். தாளில் எழுதிய தேர்விலும் அந்தத் திறமை குறையவில்லை.

காரணம் எளிது. ஒரே கட்டுரையை நோட்டில் மூன்று முறை எழுதச் சொன்னால் பிள்ளைக்கு அது தண்டனை. திரையில் என்றால் ஒரு பத்தியை மேலே நகர்த்தி, இரண்டு வரியை அழித்தால் போதும். ஆனால் எந்தப் பத்தியை நகர்த்த வேண்டும் என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

நல்ல ஆசிரியர் கேட்கும் கேள்வியும் வேறு மாதிரி இருக்கும். ‘மின்சாரத்தை அளக்கும் அலகு எது?’ என்றால் பத்து நொடியில் தேடி எடுத்துவிடலாம். ‘உன் வீட்டில் எந்தச் சாதனம் அதிக மின்சாரம் இழுக்கிறது? ஒரு வாரம் கணக்கெடுத்து அட்டவணை போடு’ என்றால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுத முடியாது.

அவர் மேசையை விட்டு எழுந்து வகுப்பின் பின்பக்கம் நிற்பார். அங்கிருந்தால் எல்லாத் திரையும் கண்ணில் படும். பேச வேண்டிய நேரத்தில் ‘மூடியைச் சாயுங்கள்’ என்பார். முகம் பார்த்துப் பேசும் அந்த ஐந்து நிமிடம் எந்தத் திரையிலும் கிடைக்காது.

இதில் அதிக லாபம் கடைசி பெஞ்சுக்குத்தான். கையைத் தூக்கவே கூச்சப்படும் பெண்ணும் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவாள். அதை ஒருவர் படித்து, ‘இந்த இடம் நன்றாக வந்திருக்கிறது, இதை இன்னும் விளக்கு’ என்று எழுதினால், அடுத்த முறை வாய் திறந்தும் பேசுவாள். யாரும் படிக்கவில்லை என்றால், கணினி வந்த பிறகும் அவள் கடைசி பெஞ்சுதான்.

பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோர் ‘எத்தனை கணினி இருக்கிறது?’ என்று கேட்பது வழக்கம். அதோடு இதையும் கேட்கலாம்: ‘என் பிள்ளை எழுதுவதை யார் படிப்பார்கள்?’