மேகத்தினூடே ஒரு வழி

மூடுபனி சூழ்ந்து நிலம் சிறிதும் தோன்றாத வேளையிலும் ஆகாய விமானம் ஓடுபாதையிற் செவ்வனே வந்திறங்குதலைக் கண்டோர், விமானியின் கண்கூர்மையை வியப்பர். அவ்வியப்புப் பொருந்தாது. அவ்வேளையில் விமானி நம்புவது தன் கண்ணையன்று. தன் முன்னுள்ள கருவிகளையும், ஏறுதற்கும் இறங்குதற்கும் பிறர் ஆராய்ந்து வரைந்து வைத்த முறைகளையுமேயாம்.

1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த மிச்சல் பீல்டில், ஜேம்ஸ் டூலிட்டில் என்பார் தம் இருக்கையை மூடி, வெளியே ஒன்றும் காணாதவராய், கருவிகளையே துணைக்கொண்டு விமானத்தை எழுப்பிப் பறந்து இறக்கிக் காட்டினார். எனினும், வழியில் நிற்குங் குன்றின் உயரத்தை அக்காலக் கருவிகள் உரைக்கமாட்டா. தபால் விமானியாயிருந்த எல்ரி ஜெப்பெசன், 1930-இல் பத்துச் சென்டுக்கு வாங்கிய குறிப்புப் புத்தகமொன்றில், குன்றுகளின் உயரம், இறங்குதளங்களின் அளவு முதலியவற்றை எழுதிவந்தார். உடன்தொழிலாளர் அதனைக் கேட்டுப் பெற்றனர். இக்காலத்து இறங்குமுறைப் படங்கள் பலவற்றிற்கு அப்புத்தகமே வித்து.

இம்முறைகள் அறிவை அடிமைப்படுத்துவன என்பாருமுளர். யான் அவ்வாறு கருதேன். அமெரிக்க விதிப்படி, வேறு முறை குறிக்கப்படாதவிடத்து, எழும் விமானம் ஓடுபாதையின் இறுதிக்கு மேல் 400 அடி ஏறுமுன் திரும்பலாகாது. ஒவ்வொரு கடல் மைலுக்கும் 200 அடியேனும் ஏறுதல் வேண்டும். இறங்குங்காலும், முதல்வகைக் கருவியிறக்கத்திற் பெரும்பாலும் 200 அடி உயரத்தே ஓடுபாதையின் அடையாளம் புலப்படாவிடின் மீண்டும் மேலேறல் வேண்டும். இவை ஒருவன் அறிந்ததைப் பலர்க்கும் உதவும் ஈகையன்றி வேறென்ன?

அவ்வீகை தடைப்படின் விளைவது யாது? 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், வாஷிங்டனுக்கு அணித்தான டல்லஸ் நிலையத்தை நோக்கி வந்ததொரு விமானத்திற்கு இறங்குமுறை தொடங்க அநுமதி கிடைத்தது. அவ்வநுமதியால் 1,800 அடிக்கு உடனே இறங்கலாமென விமானிகள் கொண்டனர்; தக்க உயரத்தை விமானிகளே காத்துக்கொள்வரெனத் தரையிலிருந்தோர் கொண்டனர். சொல் ஒன்று, பொருளோ இரண்டு. மேகத்துள் மறைந்திருந்த வர்ஜீனியாக் குன்றில் விமானம் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்னரே வேறொரு கம்பெனியின் விமானம் அதே மயக்கத்தால் அக்குன்றிற்கு இரையாகாது மயிரிழையில் தப்பியது. அக்கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது. ஆயின் அச்செய்தி ஏனையோரை எட்டவில்லை! தம் பிழைகளை விமானிகள் அச்சமின்றி அறிவித்தற்கென 1976-இல் நாஸாவின் மேற்பார்வையில் ஓர் ஏற்பாடு தோன்றியது இதன் பின்னரேயாம்.

ஆதலின், முறையைக் கைக்கொள்ளுதல் பாதிக் கடமையே. அம்முறையின் சொல்லில் மயக்கங் கண்டவிடத்து, தன் பெயர்க்கு இழுக்கு நேருமென அஞ்சாது அதனை எல்லார்க்கும் உரைத்தல் மறுபாதி. கல்வி கற்கும் நமக்கும் இஃதொக்கும். இடறிய இடத்தை மறைத்துச் செல்பவன், பின் வருவோனுக்கு அவ்விடத்தே குழி வைத்தவனாவான்.