வயசைக் கேட்காதீங்க, புகையைப் பாருங்க!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தூத்துக்குடியில் என் நண்பன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒரு கார் ஸ்டார்ட் ஆனது. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அது கடைசியாக ஸ்டார்ட் ஆனது 1998-ல்!

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்த வண்டி. 1961-லிருந்து சுமார் பத்து வருஷம் நம்ம சென்னையில் தயாரானது. நண்பனின் அப்பா உப்பு வியாபாரி. 1968 மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆசையாக ஓட்டினார். அவர் காலமானதும் வண்டி கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டது.

"ஏலே, பழைய இரும்புக்காரன் இருபதாயிரம் தாரேங்கான். போட்டுருவமா?" என்று ஒருநாள் போன் பண்ணினான். "போடுறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்பமே" என்றேன். அந்த 'ஒரே ஒரு தடவை'க்கு ஒன்றரை வருஷம் ஆனது.

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். பிஸ்டன், ரிங் தெரியாது. அவனுக்குத் துறைமுகத்தில் கிளியரிங் வேலை. எங்கள் இருவருக்கும் வாத்தியாராக வாய்த்தவர், தோணிகளுக்கு எஞ்சின் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர். தூத்துக்குடித் தோணி தெரியுமல்லவா? மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமான சாமானும் ஏற்றிப்போகும் மரக்கப்பல். பலகை உளுத்தால் பலகையை மாற்றுவார்கள், எஞ்சின் போனால் எஞ்சினை மாற்றுவார்கள். வயதாகிவிட்டது என்பதற்காக யாரும் தோணியை உடைப்பதில்லை.

அண்ணாச்சி முதலில் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றினார். "ஒரு வாரம் யாரும் தொடப்பிடாது. தூங்குறவனை உதைச்சு எழுப்புனா கை கால் ஒடிஞ்சிரும்" என்றார். எட்டாவது நாள் இறுகிக்கிடந்த எஞ்சின் கையால் சுற்றியதும் அசைந்தது. நாங்கள் இருவரும் சின்னப் பையன்கள் மாதிரி கத்தினோம்.

ஹெரால்டின் விசேஷம் அதன் பானெட். முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். முன் டயரில் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு சேஸிஸில் மாட்டியிருப்பார்கள். உப்புக்காற்று தின்றுவிட்ட தரைத்தகட்டை வெட்டி, புதுசு பற்றவைத்தோம். பிரேக் ரப்பர்களை மாற்றினோம். கிடைக்காத ஒரு புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்தே கொடுத்துவிட்டார்கள். கணக்கு எழுதும் புத்தி போகுமா? மொத்தச் செலவு ஒரு லட்சத்து பத்தாயிரம்.

இப்போது கார் ஓடுகிறது. ஆனால், கேட் வரைக்கும்தான்.

கேட்டுக்கு வெளியே சட்டம் நிற்கிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். தாமதத்துக்கு அபராதம் தனிக்கணக்கு.

பழைய காரோடு விளையாடுகிற இரண்டு பேர் புலம்பல்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2004-ல் வாங்கிய மாருதி 800-ஐத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் ரிட்டயர்டு வாத்தியாருக்கும் அதே பத்தாயிரம்தான். 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு 2,000. பால் கேன் கட்டிய பழைய வண்டிக்கும் அதுதான்!

பழைய வண்டி புகை கக்கும், பாதுகாப்பு குறைவு என்பார்கள். உண்மை. இன்றைய பி.எஸ்.6 எஞ்சினோடு ஒப்பிட்டால், கிலோமீட்டருக்கு கிலோமீட்டர் ஹெரால்டு அழுக்குதான். ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் புகையை அளங்கள். பிரேக்கைச் சோதியுங்கள். தேறாத வண்டியைத் தயவுதாட்சண்யமின்றி நிறுத்துங்கள், நானே கைதட்டுகிறேன். ஆனால், சோதனையில் தேறிய வண்டிக்கும் எதற்குப் பத்தாயிரம்? பணம் கட்டினால் புகை குறையுமா? வருஷத்துக்கு 500 கிலோமீட்டர் ஓடும் காருக்கும் 50,000 ஓடும் காருக்கும் வித்தியாசம் தெரியாத விதி, சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறதா, ஷோரூமைக் காப்பாற்றுகிறதா?

இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டி அசல் உருவம் மாறாமல் இருந்தால் 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். ஆனால், கண்காட்சி, கார் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க... இவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். வசதி உள்ளவருக்கு அது நகை. பெட்டியில் வைத்து எப்போதாவது காட்டலாம். நண்பனின் அம்மாவுக்கு, பனிமய மாதா கோயிலுக்கு ஒரு தடவை இந்தக் காரில் போய்வர வேண்டும் என்று ஆசை. மாதா கோயில் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி என் சொந்த, மூன்று வயதுக் காரின் கதை. சைடு மிரர் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல் உடைந்தது. கட்டை விரல் நகம் அளவு. "அது தனியா வராது சார், முழு செட்டும் மாத்தணும்" என்றார்கள். அண்ணாச்சியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் தொறக்க வழியே வைக்கலயே தம்பி" என்றார். முப்பது வருஷம் எஞ்சினைப் பிரித்து மாட்டியவர் தோற்ற இடம் அது.

இது தற்செயல் அல்ல. உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பிறகு அப்பீல், வழக்கு என்று இழுத்தார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் திறந்தது. நல்ல காரியம். ஆனால் அது தகவல் பலகைதான், சட்டம் அல்ல. கம்பெனி பூட்டி வைத்ததைத் திறக்கச்சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒருபக்கம் பழுது பார்ப்பது உரிமை என்று போர்டு. மறுபக்கம் பழுது பார்த்தவனுக்குப் பத்தாயிரம் பில்!

காலேஜில் தேய்மானம் என்று ஒரு பாடம் படித்தேன். அதில் குறைந்து செல் மதிப்பு முறை என்று ஒன்று. காருக்கு வருஷம் 15 சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே போனாலும் மதிப்பு ஒருபோதும் பூஜ்யம் ஆகாது. கணக்குப் புத்தகத்துக்கு இருக்கும் மரியாதை, போக்குவரத்து விதிக்கு இல்லை.

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். எந்தப் பாரில் சிப்பி கிடக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்று அருகிவிட்டார்கள். அங்கே சிப்பி போனது, பின்னாலேயே அந்தக் கைப்பழக்கமும் போனது. பட்டறைகளில் இன்னும் வண்டிகள் இருக்கின்றன, அண்ணாச்சிகளும் இருக்கிறார்கள். இருக்கும்போதே ஒழிப்பதற்கு என்ன அவசரம்?

சோதனை எல்லோருக்கும் கடுமையாக இருக்கட்டும். தேறிய வண்டிக்குப் பழைய 600 ரூபாயே போதும். உதிரி பாகத்தையும் கருவியையும் கடையில் யார் கேட்டாலும் விற்கச்சொல்லிச் சட்டம் வரட்டும். கேட்பது இவ்வளவுதான்.

அன்றைக்கு அம்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, காம்பவுண்டுக்குள்ளேயே இரண்டு சுற்று வந்தார்கள். இறங்கும்போது, ரோட்டில் போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று மகன் மெதுவாகச் சொன்னான்.

"பத்தாயிரமா? லே, வண்டியவே எட்டாயிரத்துக்குத்தான வாங்குனாவ உங்க அப்பா!"